இமகவாயாகி: முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க

டோக்கியோ நிஷி-கசாய் நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டேஷன் பக்கத்துச் சின்னக் கடையில் நேற்று இமகவாயாகி வாங்கினோம். கோதுமை மாவில் வட்டமாகச் சுட்டு, நடுவில் பூரணம் வைக்கும் ஜப்பானியப் பலகாரம். எடோ காலத்தில், 1770களில், கண்டா பகுதியின் இமகவா பாலத்துக்கு அருகே விற்றதால் இந்தப் பெயர் என்பார்கள். மேற்கே ஒசாகா பக்கம் போனால் இதையே கைதென்யாகி என்கிறார்கள்.

சுடுவதைப் பார்க்கவே பத்து நிமிடம் நிற்கலாம். நம் பணியாரக் கல் மாதிரியேதான், குழி மட்டும் அகலம், அடி தட்டை. ஒரு வரிசைக் குழியில் மாவு ஊற்றிப் பூரணம் வைக்கிறார். அடுத்த வரிசையில் வெறும் மாவு. வெந்ததும் ஊசியால் நெம்பி ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துவிடுகிறார். அவ்வளவுதான்!

அசுகி என்ற சிவப்புப் பயறுப் பூரணம் எனக்குச் சுழியத்தை நினைவூட்டியது. ஏலக்காய் மட்டும் இல்லை. குழந்தைகள் கஸ்டர்டு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். உள்ளே கொதிக்கும், பிட்டு ஆறவைத்துக் கொடுங்கள். என் நாக்கு இன்னும் எரிகிறது.

முக்கியமாக, மாவில் முட்டை உண்டு, கேட்டுவிட்டேன். அதனால் பயறு வகையும் சுத்த சைவம் இல்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மறுபடி போகிறேன். வேண்டியவர்கள் எத்தனை, பயறா கஸ்டர்டா என்று சனி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். ஆறிப்போனால் மைக்ரோவேவில் கொஞ்சம் சூடாக்கி, அப்புறம் டோஸ்டரில் வையுங்கள். மேல்தோல் மறுபடி மொறுமொறுப்பாகும்.