கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம்

தமிழ்நாட்டில் தணிக்கை நிறுவனங்களை நடத்திவரும் மூத்த பட்டயக் கணக்காளர்களுக்கு,

வணக்கம்.

உங்களைப் போன்ற ஒரு மூத்தவரின் மேசைக்கு எதிரே ஆர்ட்டிகிள் மாணவனாக, அதாவது தொழிற்பயிற்சி மாணவனாக, மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, அவர் சிவப்பு மையில் அடித்த அடிகளிலிருந்து தொழில் கற்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நம் அலுவலகங்களில் அனுமதிக்கலாமா என்று உங்களில் பலர் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மாணவர்களோ அதைத் தாங்களே முடிவு செய்து வெகுநாளாகிறது. வரித்துறை நோட்டீஸுக்கான பதிலின் முதல் வரைவு, வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல், நீண்ட குத்தகை ஒப்பந்தத்தின் சுருக்கம் என்று பலதும் அவரவர் கைப்பேசியில், இலவசக் கணக்கில் நடந்துகொண்டிருக்கின்றன. 2025 ஜனவரியில் மத்திய நிதியமைச்சகம், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்த வேண்டாமென்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அலுவலகக் கணினியில் அதைத் தடுத்துவிடலாம். சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் எப்படித் தடுப்பது? நம்மைப் போன்ற சிறு நிறுவனங்களில் தடை போட்டால் பயன்பாடு தொடரும், அது நம் கண்ணில் படுவது மட்டும் நின்றுபோகும்.

இதில் நான் முதலில் அஞ்சுவது வாடிக்கையாளரின் ரகசியத்துக்காக. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பணியின்போது நமக்குத் தெரியவந்த தகவலை வாடிக்கையாளரின் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல் பிறருக்கு வெளியிடுவதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்கிறது. ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டை மாணவர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் ஏற்றி, மொத்தத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார் என்று வையுங்கள். இலவசக் கணக்குகள் பலவற்றில், கணக்கின் செட்டிங்ஸை மாற்றி வைக்காத வரை, நாம் தட்டச்சு செய்வதைக் கருவியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளலாம் என்பது பயன்பாட்டு நிபந்தனைகளிலேயே இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள தொழிலாளர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது; அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே நிறுவனமே பணம் கட்டி, தரவைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும் ஒரு கருவியை வாங்கித் தாருங்கள். பான் எண், வங்கி அறிக்கை, சம்பள விவரம் ஆகியவற்றை எதிலும் ஏற்றக் கூடாது என்று அரைப்பக்கத்தில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள். நாற்பது பக்கக் கொள்கை ஆவணத்தை யாரும் படிக்கப் போவதில்லை. நானே படிக்க மாட்டேன்.

அடுத்தது, இல்லாததை இருப்பதுபோல் எழுதிவிடும் இக்கருவிகளின் குணம். நான் பார்த்த ஒரு ஜிஎஸ்டி பதில் வரைவில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று, ரிட் மனு எண்ணோடும் ஆண்டோடும், நமக்கு வேண்டிய வாசகத்தையே சொல்வதாக எழுதப்பட்டிருந்தது. எண் உண்மையானது. தேடிப் பார்த்தால் அந்த மனு வேறொரு துறையைப் பற்றியது, வரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இத்தகைய கருவி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கில் எழுதிச் செல்கிறது. நம் தீர்ப்புத் திரட்டுகளின் மேற்கோள் வடிவமோ ஆண்டு, தொகுதி, பக்கம் என்று அச்சில் வார்த்தது போல் இருப்பதால் போலியாக்குவதற்கு அதைவிட எளிது வேறொன்றில்லை. மாணவர் எழுதும் தவறு தயங்கித் தயங்கி நிற்கும், பார்த்ததும் பிடித்துவிடலாம். இதன் தவறு நல்ல ஆங்கிலத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

பெரிய இடங்களிலும் இதுபோல் நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த ஓர் ஆணையில் எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரியவந்ததும் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு அரசின் வேலைவாய்ப்புத் துறைக்காக டெலாய்ட் ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் தயாரித்து 2025இல் வெளியான அறிக்கையில், எழுதப்படாத ஆய்வுகளும், நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகக் காட்டப்பட்ட ஒரு போலி மேற்கோளும் இருப்பதை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். திருத்திய பதிப்பில்தான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திய விவரம் சேர்க்கப்பட்டது. கட்டணத்தின் கடைசித் தவணையைத் திருப்பித் தரவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. எத்தனையோ அடுக்குப் பரிசீலனை உள்ள நிறுவனத்தில் அவ்வளவு பேர் கண்ணையும் தாண்டி அது எப்படிப் போனது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

எனக்குத் தோன்றும் விடை நேரம். நம் ஊரில் பெரும்பாலான பணிகளுக்கு மணிக்கணக்கில் பில் போடுவதில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி முடிக்கிறோம். மூன்று மணி நேரம் பிடித்த வரைவு பத்து நிமிடத்தில் வந்துவிட்டால், மிச்சமாகும் நேரத்தைச் சரிபார்ப்புக்கு ஒதுக்குவோம் என்றுதான் எல்லோரும் கூட்டங்களில் சொல்கிறோம். வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பர் வந்ததும் அந்த நேரத்தில் இன்னொரு ஃபைல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முன்பு வரைவு எழுதும்போதே பாதிச் சரிபார்ப்பு நடந்துவிடும். சட்டப் பிரிவைப் புரட்டாமல் ஒரு பத்தி எழுத முடியாது. இப்போது எழுதுவதையும் சரிபார்ப்பதையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம், எழுதுவதற்கு மட்டும் ஆள் வைத்திருக்கிறோம். ஓர் உறுப்பினர் ஓராண்டில் 60 வரித் தணிக்கைக்கு மேல் ஏற்கக் கூடாது என்று நம் தொழிலை நெறிப்படுத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐசிஏஐ) வரம்பு வைத்திருப்பது, ஒருவரின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதால்தான். கருவி வந்தபின் தட்டச்சின் வேகம் கூடியிருக்கலாம், கவனத்தின் அளவு பழைய அளவேதான்.

எனவே என் கோரிக்கைகளில் முதன்மையானது இது: கருவி தொட்ட ஒவ்வொரு பணிக்கும் சரிபார்ப்பு என்று தனியே ஒரு நேரப் பதிவு இருக்க வேண்டும். அதைச் செய்தவரின் பெயரும் இருக்க வேண்டும். கட்டணம் பேசும்போதே அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும். கருவிதான் எழுதித் தருகிறதே, கட்டணத்தைக் குறைக்கக் கூடாதா என்று வாடிக்கையாளர் கேட்பார். அவர் நமக்குப் பணம் தருவது எழுதியதற்காக இல்லை என்பதை அவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தணிக்கை ஆவணங்கள் பற்றிய எஸ்ஏ 230 தணிக்கைத் தரநிலை, அந்தத் தணிக்கையோடு முன்தொடர்பில்லாத அனுபவமுள்ள ஒரு தணிக்கையாளர் படித்துப் புரிந்துகொள்ளும்படி வொர்க்கிங் பேப்பர் (தணிக்கைப் பணிக் குறிப்புகள்) இருக்க வேண்டும் என்கிறது. கருவியிடம் என்ன கேட்டோம், அது என்ன தந்தது, எதை எந்த மூல ஆவணத்தோடு ஒப்பிட்டோம், எதை நீக்கினோம் என்பது ஃபைலில் இல்லையென்றால் அந்தப் புரிதலுக்கு வழியில்லை. பணி ஏற்புக் கடிதத்திலும் இதைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடலாம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாணவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஆர்ட்டிகிள் பயிற்சி இப்போது இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் வவுச்சரைப் புரட்டி, கணக்குப் பொருந்தாமல் இரவு ஒன்பது மணி வரை தேடி, கடைசியில் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டதைக் கண்டுபிடித்த அனுபவம் இல்லாதவர், நாளை கருவி தரும் வரைவில் எது உறுத்துகிறது என்று எதை வைத்துச் சொல்வார்? முதல் ஆறு மாதங்களுக்கு முதல் வரைவைக் கையால் எழுதச் சொல்லுங்கள். அதன்பின் கருவியின் வரைவைக் கொடுத்து, தவறு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படித் தொடங்கியிருக்கிறோம். வேலை மெதுவாகிறது என்று என் கூட்டாளிகள் குறைபடுகிறார்கள், அது உண்மையும்கூட.

நம் பெயரில் போலிச் சான்றிதழ்கள் உலவியபோது 2019இல் நாம் கையெழுத்திடும் ஆவணத்துக்கான தனி அடையாள எண்ணான யுடிஐஎன் கட்டாயமாக்கப்பட்டது. அந்த 18 இலக்க எண்ணை ஓர் உறுப்பினர்தான் உருவாக்க முடியும். வரைவை யார் எழுதினார்கள் என்று அது கேட்பதில்லை. யார் பொறுப்பு என்று மட்டும் பதிந்துகொள்கிறது. இந்த ஆண்டின் வரித் தணிக்கைப் பணிகள் தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் அரைப்பக்க விதியையும், சரிபார்ப்புக்கான நேரப் பதிவையும் நடைமுறைக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அரைப்பக்கத்தைக் கேட்கும் எவருக்கும் அனுப்பி வைக்கிறேன். அதிலுள்ள பிழைகளைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினால் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பட்டயக் கணக்காளர்