‘விழுந்தது’ வேறு, ‘விழுந்ததாம்’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்காவது போர் மூண்டுவிட்டால் நம் செய்தித் தொலைக்காட்சிகளில் ஒரு முகம் தோன்றி ஏழெட்டு நொடி பேசும். திரையின் கீழே பேசுகிறவரின் விவரம் காட்டும் ஆஸ்டன் பட்டையில் ‘நேரில் பார்த்தவர்’ என்று வரும். அரை மணி நேரத்தில் அவர் சொன்னது பிரேக்கிங் ஆகிவிடும். மாலை விவாதத்தில் அதையே முடிந்த உண்மையாக வைத்துச் சண்டை போடுவார்கள். மறுநாள் காலை நாளிதழிலும் அச்சாகிவிடும். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள், எதை வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காட்சிகளை (ஃபீடை) வெட்டி, தமிழாக்கி, குரல் சேர்த்து ஒளிபரப்புக்கு அனுப்பும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்தப் பட்டம் எவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பது தெரிந்திருப்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதல் சேதம் மொழியில் நடக்கிறது. காஸாவிலோ சிரியாவிலோ ஒருவர் அரபியில் பேசுகிறார். ஏஜென்சி காட்சிகளோடு அனுப்பும் குறிப்புப் பட்டியலில் (ஷாட் லிஸ்டில்) அவர் பேச்சின் ஆங்கில வடிவம் இருக்கும். நாங்கள் தமிழாக்குவது அந்த ஆங்கிலத்தை, அவருடைய அரபியை அல்ல. அதுவும் அவர் உதடு அசையும் எட்டு நொடிக்குள் அடங்க வேண்டும். ‘விமானம் கடல் பக்கமிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்’ என்று அவர் சொல்லியிருப்பார். நொடிக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது ‘சொல்கிறார்கள்’ என்பதுதான். மிஞ்சுவது ‘விமானம் கடல் பக்கமிருந்து வந்தது’. இத்தனைக்கும், கேள்விப்பட்டதையும் கண்டதையும் பிரித்துக் காட்ட ஒரே ஒரு விகுதி போதும் என்ற வசதி தமிழில் இருக்கிறது. ‘விழுந்தது’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார், ‘விழுந்ததாம்’ என்றால் பிறர் சொன்னதைச் சொல்கிறார். வீட்டுத் திண்ணையில் யாரும் இதைக் குழப்பிக்கொள்வதில்லை. செய்தித் தமிழ் மட்டும் ‘ஆம்’ விகுதியைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டது.

‘நாங்கள் பார்த்தோம்’ என்பதும் இப்படித்தான். அந்த ‘நாங்கள்’ ஒரு தெருவாக இருக்கலாம், ஒரு குடும்பமாக இருக்கலாம். பேசுகிறவர் அதில் இருந்தாரா என்பது தனிக் கேள்வி. நேரம் பற்றிய குறிப்புகளும் தொலைந்துபோகும். ‘இஷா தொழுகை முடிந்து வரும்போது’ என்று, அதாவது முஸ்லிம்களின் இரவுத் தொழுகையைக் குறித்து, ஒருவர் சொன்னால் அது பொன்னான தகவல். அந்த ஊரில் அன்றைக்கு இஷா எத்தனை மணிக்கு என்று பார்த்து, அவர் சொல்வது தாக்குதல் நடந்த நேரத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துவிடலாம். ஒளிபரப்பில் அது ‘நேற்றிரவு’ என்று சுருங்கிவிடுகிறது.

சாட்சியே ஏற்பாடு செய்யப்பட்டதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்குக்கு எதிராக 1991-இல் அமெரிக்கா தலைமையில் நடந்த வளைகுடாப் போரை விட நல்ல பாடம் கிடையாது. 1990 அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் நடத்திய மனித உரிமைக் கூட்டம் ஒன்றில், ‘நயீரா’ என்று மட்டும் அறிமுகம் செய்யப்பட்ட 15 வயதுப் பெண் அழுதபடி பேசினார். குவைத்தின் அல்-அதான் மருத்துவமனைக்குள் ஈராக் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நுழைந்து, இன்குபேட்டரில் இருந்த பச்சிளங்குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். தொலைக்காட்சி அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், பல இடங்களில் அதை எடுத்துச் சொன்னார். டிசம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல், இப்படி இறந்தவர்கள் 312 குழந்தைகள் என்ற எண்ணிக்கையை வெளியிட்டது. 1991 ஜனவரி 12 அன்று செனட் 52-க்கு 47 என்ற வாக்கில் போருக்கு அனுமதி தந்தது. ஆதரித்த செனட்டர்கள் சிலர் அந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டே பேசியிருந்தார்கள்.

போர் முடிந்ததும் 1991 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜான் மார்ட்டின் குவைத்துக்கே போய் மருத்துவர்களிடம் கேட்டார், அந்தக் கதை உண்மை என்று நிலைக்கவில்லை. ஏப்ரலில் ஆம்னஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் பொதுவெளிக்கு வந்தது. சாட்சியத்தை ஏற்பாடு செய்ததும், படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியதும் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம். அதற்கான பணம் பெரும்பாலும் குவைத் அரசிடமிருந்து வந்தது.

எங்களை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. நயீரா பேசிய அந்தக் கூட்டம் காங்கிரஸின் முறையான குழு அல்ல. சத்தியப் பிரமாணம் இல்லை, பொய் சொன்னால் தண்டனை இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. ஆனால் நீண்ட மேஜையும் மைக்கும் வரிசையாக உட்கார்ந்திருந்த உறுப்பினர்களும் திரையில் ஒரு நீதிமன்றம் போலவே தெரிந்தார்கள். அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மிக எளியவை. அந்த வார்டில் எத்தனை இன்குபேட்டர்கள் இருந்தன? பணியில் இருந்த செவிலியர் யார்? 312 குழந்தைகள் என்றால் நாடு முழுவதும் அத்தனை இன்குபேட்டர்கள் இருந்தனவா? இந்தப் பெண்ணை இங்கே அழைத்து வந்தது யார்? குவைத்தில் ஈராக் ராணுவம் செய்த கொலைகளும் சித்திரவதைகளும் பொய்யல்ல. உண்மையிலேயே கண்டவர்கள் இருந்தார்கள். ஜோடித்த சாட்சி ஒன்று அம்பலமானதும் அடிபட்டது அவர்களுடைய சொல்லும்தான்.

பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர்கள் கூடத் தவறாகப் பார்ப்பார்கள் என்பதற்கும் அதே போர்தான் உதாரணம். டெல் அவிவிலும் ரியாத்திலும் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைகள் வானிலேயே தகர்ப்பதைத் தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள், மாடியில் நின்ற செய்தியாளர்கள் பார்த்தார்கள், நேரலையில் உலகமே பார்த்தது. 42-க்கு 41 வீழ்த்தப்பட்டதாக 1991 பிப்ரவரி 15 அன்று புஷ் அறிவித்தார். பிறகு எம்ஐடி பேராசிரியர் தியடோர் போஸ்டல் அந்தத் தொலைக்காட்சிப் பதிவுகளையே ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக ஆராய்ந்து, வெற்றிகரமான தாக்குதல் என்று சொல்ல அனேகமாக எதுவும் இல்லை என்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992-இல், ஸ்கட்டின் வெடிமருந்து முனை அழிக்கப்பட்டதற்கு மிக வலுவான ஆதாரம் உள்ள மோதல்கள் ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது.

கண் எங்கே ஏமாந்தது? ஸ்கட் தரையை நோக்கி நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 30 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏவுகணை 60 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பேட்ரியட்டோ இலக்கைத் தொட்டு வெடிப்பதில்லை, அருகில் போய் வெடிக்கும். குறி தவறினாலும் வானத்தில் பளிச்சென்ற வெளிச்சம் உண்டு. ஈராக் தன் ஏவுகணைகளை நீளமாக்கியிருந்ததால் அவை இறங்கும்போது தாமாகவே உடைந்து நெருப்புத் துண்டுகளாகச் சிதறின. பளிச்சென்ற வெளிச்சம், சிதறும் துண்டுகள் என்ற இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் ‘மோதியது, உடைந்தது’ என்று கோர்த்துக்கொண்டார். வெடிமருந்து இருந்த முனை கீழே வந்து வெடித்தபோது, அதை இடிபாடு விழுந்த சத்தம் என்றார்கள். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்தார். மோதலை அவர் மனம் சேர்த்துக்கொண்டது.

காதும் இதே வேலையைச் செய்யும். ரைஃபிள் தோட்டா ஒலியை முந்திப் பறப்பதால், அது கடந்துபோகும் பாதையில் இருப்பவருக்கு இரண்டு சத்தங்கள் கேட்கும். முதலில் தோட்டா காற்றைக் கிழிக்கும் ‘சட்’, பிறகு துப்பாக்கியின் ‘டும்’. 300 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய அரை நொடி இடைவெளி. முதல் சத்தம் சுட்டவன் இருக்கும் திசையிலிருந்து வருவதாகத் தோன்றாது. தோட்டா போன பாதையில், பக்கவாட்டிலிருந்து வருவதாகத் தோன்றும். சுவர்களில் எதிரொலித்தால் இன்னும் குழப்பம். ‘இரண்டு பக்கமிருந்தும் சுட்டார்கள்’ என்று பதறிச் சொல்பவர் கேட்டது ஒரே துப்பாக்கியாக இருக்கலாம்.

குண்டுவெடிப்பில் ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3 நொடி ஆகும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் சத்தம் கேட்டு நிமிரும்போது வெடித்து நாலரை நொடி ஆகியிருக்கும். வானத்தில் அப்போது தெரியும் விமானம் குண்டு போட்டதா, சும்மா போகிறதா என்பதை அவரால் சொல்லவே முடியாது. இதே கணக்கு வீடியோவைச் சோதிக்கவும் உதவும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஒலி சுமார் 14 மீட்டர் போகும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே உள்ள ஃபிரேம்களை எண்ணி 14-ஆல் பெருக்கினால் தொலைவு வந்துவிடும். தொடுவானத்தில் வெடிப்பது போலத் தெரிந்தும் சத்தம் அதே கணத்தில் வந்தால், அந்த ஒலி பிறகு ஒட்டப்பட்டது அல்லது அது வீடியோ கேம் என்று சந்தேகிக்க வேண்டும். ‘ஆர்மா 3’ விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சிகளாக உலவுவதை அதைத் தயாரித்த நிறுவனமே 2022-இல் எச்சரித்தது.

ஃபோனோவில், அதாவது தொலைபேசி நேரலையில், ஆங்கர் கேட்கும் கேள்வியும் சாட்சியைக் கெடுக்கும். ‘எத்தனை விமானங்கள் குண்டு வீசின?’ என்றால் விமானம் என்பதை ஆங்கரே கொடுத்துவிட்டார். 1974-இல் வெளியான ஆய்வில் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு குழுவிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும் இன்னொரு குழுவிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி இருந்ததா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 50-க்கு 7 பேரும் இரண்டாவதில் 50-க்கு 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

தொலைக்காட்சிக்காரர்களான எங்களை இன்னும் அதிகமாகக் கலங்க வைப்பது ஆம்ஸ்டர்டாம் ஆய்வு. 1992 அக்டோபர் 4 அன்று எல் அல் சரக்கு விமானம் அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய கணம் எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை, அப்படி ஒரு படமே இல்லை. பத்து மாதம் கழித்து ஆய்வாளர்கள் 193 பேரிடம் அந்தக் காட்சியை டிவியில் பார்த்தீர்களா என்று கேட்டபோது 107 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படியானால், நாள் முழுக்கச் செய்தி பார்த்துவிட்டு மாலையில் எங்கள் மைக் முன் நிற்பவர் சொல்வதில் எவ்வளவு அவர் கண்டது, எவ்வளவு நாங்கள் காட்டியது?

இதையெல்லாம் சொல்வதால் பாதிக்கப்பட்டவர்களை நம்பாதீர்கள் என்று யாரும் படித்துவிடக் கூடாது. பிள்ளையை இழந்த தாய்க்குத் தன் இழப்பைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஷெல்லை வீசியது யார் என்பது மட்டும் அவர் பார்த்ததல்ல. மீட்புப் பணியாளர் வெடிப்புக்குப் பிறகு வந்தவர், காயங்களுக்குச் சாட்சி, காரணத்துக்கு அல்ல. விளைவின் சாட்சியைக் காரணத்தின் சாட்சியாக மாற்றுவதுதான் நாங்கள் செய்யும் பெரும் பிழை. இந்தியச் சாட்சியச் சட்டம், 1872-இன் 60-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. பார்க்கக்கூடிய ஒன்றுக்கு அதைப் பார்த்தேன் என்பவரும், கேட்கக்கூடிய ஒன்றுக்கு அதைக் கேட்டேன் என்பவரும்தான் சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

சாட்சி யார் கையில் இருக்கிறார் என்பதும் செய்தியின் பகுதி. இலங்கைப் போரின் இறுதி நாட்களில் வன்னியில் இருந்த அரசு மருத்துவர்கள் தொலைபேசி வழியாக உலகத் தொலைக்காட்சிகளுக்குச் சாவு எண்ணிக்கை சொன்னார்கள். 2009 மே மாதம் அரசுக் காவலுக்குப் போன பிறகு, ஜூலை 8 அன்று கொழும்பில் செய்தியாளர்கள் முன் வந்து, முன்பு சொன்னவை புலிகளின் அழுத்தத்தில் மிகைப்படுத்தியவை என்றார்கள். அப்போதும் அவர்கள் காவலில்தான் இருந்தார்கள். இரண்டு பேச்சுக்கும் கீழே, பேசுகிறவர் எங்கிருந்து, யாருடைய கட்டுப்பாட்டில் பேசுகிறார் என்று எழுதியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பேச்சை மட்டும் நம்பி எந்தப் பக்கமும் சாய முடியாது. ஐ.நா. நிபுணர் குழு 2011 அறிக்கைக்குச் செயற்கைக்கோள் படங்களையும் சேர்த்துப் பார்த்தது அதனால்தான்.

செய்யக்கூடியது கடினமானதல்ல. முதலில் அவரைக் குறுக்கிடாமல் பேசவிட வேண்டும். பிறகு எங்கே நின்றீர்கள், எத்தனை மின்கம்பம் தள்ளி, முதலில் கண்டதா கேட்டதா, யாரோடு இருந்தீர்கள், இதற்கு முன் யாரிடம் இதைச் சொன்னீர்கள், எங்களிடம் உங்களை அழைத்து வந்தது யார் என்று கேட்க வேண்டும். ஏஜென்சி அனுப்பிய பேச்சுத் துண்டில் (பைட்டில்) இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் ஆஸ்டனில் ‘நேரில் பார்த்தவர்’ என்று போடாமல் ‘அப்பகுதியில் வசிப்பவர்’ என்று போடலாம். ஒரு கிராபிக்ஸ் பிளேட்டை மாற்றும் வேலைதான்.

தொலைக்காட்சிக்கு நொடிகள் என்றால் நாளிதழுக்குச் சில மணி நேரமாவது கிடைக்கிறது. அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. போர்ச் செய்தியில் சாட்சி சொல்பவர் ஒவ்வொருவருக்கும் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள். இந்த மாதிரி: ‘இவர் 400 மீட்டர் தொலைவில் வீட்டுக்குள் இருந்தார், சத்தம் கேட்டபின் வெளியே வந்தார், குண்டு எங்கிருந்து வந்தது என்பதை இவர் பார்க்கவில்லை.’

இப்படிக்கு,
வெளிநாட்டுச் செய்திப் பிரிவுப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.