‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவரிடம், ரத்தம் எடுக்கும் இடத்தில் கேட்பது ஒரே கேள்வி: “சாப்பிட்டீங்களா?” விடியற்காலையில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்தவர் “இன்னும் இல்லீங்க” என்பார். அது பொய்யல்ல. அவர் வீட்டில் சாப்பாடு என்றால் வடித்த சோறும் குழம்பும்தான். நீராகாரம் குடிப்பது, சாப்பிடுவது ஆகாது. அதில் கரைந்த பருக்கையும் கஞ்சித் தண்ணீரும் சர்க்கரையை ஏற்றிக் காட்டும். அந்த அளவை நம்பி மருந்தைக் கூட்டினால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

ஓட்டல் வாசலிலும் இதே வழக்குதான். ‘சாப்பாடு தயார்’ பலகை மதியத்துக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் டிபன். நகரத்தில் டிபன் என்பதைக் கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம் வீடுகளில் ‘பசியாறுவது’ என்பார்கள். மலேசியத் தமிழரிடமும் இந்தச் சொல் உண்டு. குமரி மாவட்டத்தில் “காப்பி குடிச்சாச்சா?” என்றால் அதில் புட்டும் பயறும் அடக்கம். அங்கே ஒருவர் “காப்பி மட்டும் குடிச்சேன்” என்றால், கூட என்ன தின்றார் என்றும் கேட்டாக வேண்டும்.

அதிகம் குழப்புவது ‘பலகாரம்’. சில வீடுகளில் அது முறுக்கு, அதிரசம். வேறு வீடுகளில் இட்லி, தோசை. விரதக்காரர்களுக்கோ சோற்றை விலக்கி இரவில் உண்ணும் எதுவும் பலகாரமே. “பலகாரத்தைக் குறைங்க” என்று மருத்துவர் சொன்னால் ஒருவர் முறுக்கை நிறுத்துவார், இன்னொருவர் காலை இட்லியையே விட்டுவிடுவார்.

மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதுவதும் இப்படித்தான் தவறுகிறது. கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் போட்டு, டீயும் பன்னுமாக வேலைக்குப் போகிற கூலித் தொழிலாளிக்குச் சோறு பிற்பகல் 2 மணிக்குத்தான். அதற்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். பாவம், அவர் சீட்டில் இருந்தபடிதான் செய்தார்.

பொருளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள்: “எழுந்ததிலிருந்து வாயில் என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?” காலை 7 மணி பரிசோதனைக்கு, “இரவு 10 மணிக்கு மேல் வெறும் தண்ணீர் தவிர காப்பி, டீ, பால், நீராகாரம், கூழ், கஞ்சி எதுவும் கூடாது” என்று சீட்டில் அச்சிடலாம். சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்காக அடுத்த ரத்தம் எடுக்க வேண்டிய 2 மணி நேரத்தை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்