மாதா படத்துக்குப் பக்கத்துல ராகு காலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

செப்டம்பர் 8 வேளாங்கண்ணி திருவிழா வந்தாலே மாதா சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, மாலை போடுறது சிலை வழிபாடுதானேன்னு கத்தோலிக்கரான எங்ககிட்ட கேப்பாங்க. அதுக்கு 787லயே ஆயர்கள் கூடின ரெண்டாம் நிசேயா பொதுச்சங்கம் பதில் சொல்லிருச்சு, சுரூபத்துக்கு குடுக்குற வணக்கம் அது யாரக் காட்டுதோ அவங்களுக்குப் போகுது, ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான்.

என் கவலை வேற. போன மாசம் சொந்தத்துல ஒரு வீடு மந்திரிப்பு, அதாவது ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீட்ட ஆசீர்வதிக்கிறது, வெள்ளிக்கிழமை, ஃபாதர் பத்தரைக்கு வர்றேன்னாரு, உடனே வீட்ல பதறிப்போய் ஒன்பதுக்கே வாங்க ஃபாதர்னு போன் போட்டாங்க, காரணம் மட்டும் சொல்லல. போய்ப் பாத்தா மாதா படத்துக்குப் பக்கத்துலயே தினசரி காலண்டர், அதுல ராகு காலம் 10.30 - 12ன்னு பேனாவால வட்டம் போட்டிருக்கு, வாசல்ல எலுமிச்சம்பழமும் பச்சமிளகாயும் தொங்குது, அதுக்கு கீழ நின்னுதான் ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரு. எனக்கு மனசே ஆறல.

திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2116ம் பத்தில ஜாதகம், ஜோசியம், குறி எல்லாத்தையும் விலக்கணும்னு நேராவே இருக்கு. 2113 இன்னும் ஒரு படி மேல, பணம், அதிகாரம் இதுகள கடவுள் இடத்துல வச்சாலும் சிலை வழிபாடுதான்னு சொல்லுது. வரதட்சணை பேசி முடிச்சிட்டு கோயில்ல ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கச் சொல்றோமே, அது எதுல சேரும்?

ஞாயிறு மறைக்கல்வில பத்து கட்டளை பிள்ளைங்களுக்குத்தான் சொல்லித் தர்றோம். அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துல பெரியவங்களுக்கும் இத ஒரு தடவ உக்காந்து பேசுங்க ஃபாதர்மாரே, கெஞ்சிக் கேக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு கத்தோலிக்க வாசகி