ஓவியர் வில்லியம் சிட்னி மவுன்ட் அவர்களுக்கு, ஒரு தாளக்காரனின் புகார்

மதிப்புக்குரிய மவுன்ட் ஐயா,

1856-இல் நீங்கள் இரண்டு படங்கள் வரைந்தீர்கள். ஒன்றில் பான்ஜோ என்ற அமெரிக்கக் கம்பி வாத்தியத்தை வாசிப்பவர். மற்றொன்றில் இரண்டு கைகளிலும் எலும்புத் துண்டுகளை விரலிடுக்கில் பிடித்திருக்கும் தாளக்காரர். ஐரோப்பாவில் அச்சிட்டு விற்க வேண்டும் என்று ஷௌஸ் என்ற படவியாபாரி கேட்டார். நீங்களும் ஆளுக்கொரு படமாக வரைந்து கொடுத்துவிட்டீர்கள். இன்று தாளக்காரர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். பான்ஜோக்காரர் உங்கள் சொந்த மண்ணான லாங் ஐலண்டிலேயே, ஸ்டோனி புரூக் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில். இருவரையும் ஒரே சட்டத்துக்குள் உட்கார வைத்திருக்கலாமே என்பதுதான் என் புகார்.

நீங்கள் வெறும் ஓவியர் என்றால் கேட்டிருக்கவே மாட்டேன். ஃபிடில் வாசிப்பவர், முதுகு உள்ளே குழிந்த ஒரு வயலினை உருவாக்கி 1852-இல் காப்புரிமையே வாங்கியவர். பான்ஜோவும் எலும்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்கு இரண்டு துண்டுகள். அரையடி நீளம், லேசான வளைவு. பழைய நாளில் மாட்டு விலா எலும்பு, இப்போது பெரும்பாலும் மரம். இரண்டின் வளைந்த முதுகுகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒன்றை அசையாமல் உள்ளங்கையோடு அழுத்திப் பிடிக்கிறோம், மற்றது விரலிடுக்கில் தளர்வாக நிற்கும். சப்ளாக்கட்டை போலவா என்றால், சத்தம் அந்த ஜாதிதான். ஆனால் இங்கே விரல்கள் எதையும் தட்டுவதில்லை, வேலை முழுவதும் மணிக்கட்டுக்கு. ஒரு திருப்பலுக்கு ஒரு ‘டக்’. சட்டென்று திருப்பி மீட்டால் மூன்று அடி சேர்ந்து உருளும். கற்றுக்கொள்பவர்கள் பிடியை இறுக்கிவிடுவார்கள், அப்போது எதுவும் உருளாது.

பான்ஜோவின் பழைய வாசிப்பில் நகம் கம்பியை மேலிருந்து கீழே அடிக்கும். முதலில் பாட்டின் சுரம், அடுத்து கம்பிகளின் மீது ஒரு வருடல், அதை ஒட்டியே கட்டைவிரல் குட்டையான ஐந்தாவது கம்பியைச் சுண்டும். அமெரிக்கர்கள் இந்த நடையை ‘பம்-டிட்டி’ என்பார்கள். என் காது எப்போதும் அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கும். தாளக்காரன் உற்சாகத்தில் அதை மூடிவிட்டால் பான்ஜோ நொண்ட ஆரம்பிக்கும். ‘பம்’முக்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது இல்லையா, உருட்டல் அதற்குள் வந்து போய்விட வேண்டும்.

உங்கள் காலத்துப் பான்ஜோவுக்குத் தோல் முகம், குடல் நரம்பு. கழுத்தில் வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. சுரம் பிறந்த உடனே அடங்கிவிடும். எலும்பும் அப்படியே. இரண்டும் எதையும் இழுத்துப் பிடிக்காததால் நடுவில் காற்று ஓடுகிறது, ஆடுபவர்களின் கால் அங்கேதான் விழும். ஃபிடிலின் வில் என்ன செய்கிறது? அந்த இடைவெளியை முழுக்க மெழுகிவிடுகிறது! கோபிக்காதீர்கள், இந்த ஜோடிக்கு மூன்றாம் ஆள் வேண்டாம் என்பது என் கட்சி. அந்த நரம்புப் பான்ஜோவின் பக்கத்தில் எலும்பை விட மரத்துண்டே நல்லது, எலும்பு சற்றுக் காரமாக ஒலிக்கும். தாளக்காரரும் ஒருவர் போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உருட்டினால் அது ஆலங்கட்டி மழை.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தச் சேர்க்கையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பான்ஜோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். செனகல், காம்பியா பக்கம் அக்கோன்டிங் என்ற சுரைக்குடுக்கை வாத்தியம் அதன் உறவாக இன்றும் இருக்கிறது. பான்ஜோவை எலும்போடு சேர்த்துப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனவர்களோ 1843-இல் நியூயார்க்கில் முகத்தில் கரி பூசிக்கொண்ட நான்கு வெள்ளைக்காரர்கள். எம்மெட் ஃபிடில், விட்லாக் பான்ஜோ, பிரவர் எலும்பு, பெல்ஹாம் டாம்பரின். கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்வதுதான் காட்சியே. ஷௌஸின் வாடிக்கையாளர்களுக்கு இந்தப் படங்கள் மீது ஆசை வந்ததில் அந்த மேடைக்கும் பங்கு இருக்கும். உங்கள் படங்களிலுள்ள இரண்டு கறுப்பினக் கலைஞர்களும் கேலிச்சித்திரம் ஆகாமல் நின்றதற்கு, சிறுவயதில் உங்கள் ஊர்க் கறுப்பின ஃபிடில் கலைஞர் ஆன்டனி கிளாப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. 2005-இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோ கலைஞர்கள் கூடினார்கள். அதை ஒட்டி கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழு உருவானது. பான்ஜோவும் எலும்பும் மறுபடி கறுப்பினக் கைகளில் ஒரே மேடை ஏறின. 2011-இல் கிராமி விருதும் வந்தது. அவர்களுக்குப் பழைய பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தவர் ஜோ தாம்சன், அப்போதே எண்பதைத் தாண்டிய முதியவர். அவர் ஃபிடில்காரர் என்பது என் கட்சிக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

அதனால் ஒரு சமரசம். முதல் இரண்டு பாட்டுகளுக்கு உங்கள் வயலின் பெட்டியிலேயே இருக்கட்டும். மூன்றாவதற்கு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு தாளக்காரன்