குழுக்களைத் தாங்கும் தோழிகளுக்கு நன்றி

அன்புள்ள தோழிகளே,

இன்று அக்டோபர் 18, உலக மெனோபாஸ் நாள். மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்காக நாம் இணையத்தில் நடத்தும் குழுக்கள் உங்களால்தான் ஓடுகின்றன. இந்த நாளிலாவது அதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, குழுக்களை வழிநடத்துபவர்களுக்கு. நீங்கள் பொறுமையாக வாய்மூடிக் காத்திருந்த நேரங்களுக்காகத்தான் முக்கியமாக நன்றி சொல்கிறேன். கேமராவை அணைத்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாராவாரம் வந்தார். "நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாரும் அவரை நெருக்கவில்லை. ஒரு நாள், கூட்டம் முடியப்போகும் நேரத்தில் சாட்டில் எழுதினார்: "எனக்கு 38 வயசுதான். எனக்கும் நின்னுபோச்சு. நான் இங்க இருக்கலாமா?" அன்று நடத்தியவர் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. "தாராளமா இருங்க, இது உங்க இடமும்தான்" என்று அவருக்கு மட்டும் பதில் போட்டார். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எலும்புக்கும் இதயத்துக்கும் அது முக்கியம் என்பதையும் மறக்காமல் சேர்த்தார். அந்தப் பதிலை நான் பலமுறை படித்துவிட்டேன்.

அப்புறம், எந்தக் குழுவிலும் வராமல் போகாத கேள்வி: "ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வருமா?" மாதவிடாய் நிற்கும் பருவத்தில் குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையைத்தான் கேட்கிறார்கள். 2002-இல் அமெரிக்காவில் அதைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை, மார்பகப் புற்று அபாயம் கூடியது என்று பாதியில் நிறுத்தியபோது கிளம்பிய பயம் இன்னும் அடங்கவில்லை. பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் அதைத் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்று தெரிந்தது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. உங்களில் சிலர் அந்தச் சிகிச்சையால் நல்ல தூக்கத்தைத் திரும்பப் பெற்றவர்கள். ஆனாலும் "நீங்களும் எடுத்துக்கோங்க" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்ததுண்டா, எனக்கு மாத்திரை நல்லதா, தோலில் ஒட்டும் பட்டை நல்லதா என்று மருத்துவரிடம் பேச வேண்டியவற்றை உட்கார்ந்து எழுத உதவினீர்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நின்று இரண்டு வருடம் ஆன ஒருவர், லேசாக உதிரம் பட்டதைப் பேச்சுவாக்கில், சூட்டினால் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகப் பார்த்தார். "அக்கா, ஒரு நிமிஷம். இதை நாளைக்கே டாக்டரிடம் காட்டணும்" என்று பேச்சை நிறுத்தினீர்கள். மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்ற பிறகு எவ்வளவு குறைவாக ரத்தம் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். மறுநாள் "போனீங்களா?" என்று கேட்டதும் நீங்கள்தான். முடிவு என்ன என்பது அவருடைய சொந்த விஷயம். அவர் போனார், நமக்கு அது போதும்.

எங்கள் தகவல் தாள்களை வரிவரியாகத் திருத்திக்கொடுத்த மகப்பேறு மருத்துவருக்கு நன்றி. கூட்டம் நடக்கும்போது சாட்டைக் கவனித்துக்கொண்டே, எங்கிருந்தோ நுழைந்து மருந்து விற்கப் பார்ப்பவர்களை வெளியேற்றும் துணை வழிநடத்துநர்களுக்கும் நன்றி. "வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் எழுதிய இரவில் உடனே போனை எடுத்த மனநல ஆலோசகருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்களையும் உட்காரவைத்து, மனத்தில் தங்கியதைப் பேசவைப்பவரும் அவர்தான்.

உங்களில் பலருக்கும் இதே பருவம்தான். இரவெல்லாம் தூங்காமல், நடுப்பேச்சில் குப்பென்று வியர்த்துக்கொட்ட, முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுத்தவரை "சொல்லுங்க" என்று கேட்டவர்கள் நீங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தினருக்கும் சேர்த்தே இந்த நன்றி.

உடல்நிலையாலோ களைப்பாலோ இந்த ஆண்டு பொறுப்பிலிருந்து விலகிய தோழிகளே, நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டுதான் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறோம். திரும்பி வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச வேண்டும் என்று தோன்றினால், எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஓர் உறுப்பினராக வாருங்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் ஒருங்கிணைப்பாளர்