சார்ட்டில் ஸ்டார் வேண்டாம்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ பாடம் எடுக்கும் நாலாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். உதவி செய்த பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு ஸ்டார். அழகாகத்தான் வரைந்திருக்கிறாய். ஆனால் அதைக் கழற்றிவிடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய்.

ஒடிசாவிலிருந்து, பலாங்கீர் பக்கமிருந்து, நம் ஊர்ச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்களே, அவர்களில் ஒரு பெண் குழந்தையைப் பொங்கல் முடிந்ததும், நான் சத்துணவு பார்க்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சத்துணவுக்கு உட்கார்ந்தால் சாதத்தைச் சாப்பிடுவாள், முட்டையை மட்டும் பைக்குள் போட்டுக்கொள்வாள். சூளையில் தம்பி இருக்கிறான், அவனுக்கு. சாப்பாட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பக்கத்தில் உட்காரும் பெண் என்ன செய்தாள் தெரியுமா? என்னிடம் ஓடி வந்து சொல்லவில்லை. தன் முட்டையைப் பிட்டுப் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சாதத்தைப் பிசைந்தாள். அப்புறம் பார்த்தால் அந்த வரிசையே முறை வைத்துக்கொண்டு கொடுக்கிறது! யார், எப்போது பேசி முடிவு செய்தார்களோ.

அதற்காக எல்லாம் தெய்வக் குழந்தைகள் என்று நினைக்காதே. அதே வரிசையில் ஒரு வாண்டு அவளைப் பெயர் சொல்லாமல் "சூளை, சூளை" என்றுதான் கூப்பிட்டான். முட்டையைப் பிட்டுக் கொடுத்தவளே ஒரு ரப்பருக்காக அவளைக் கிள்ளியும் வைத்தாள்.

தலைக்கு 100 கிராம் அரிசி, ஒரு முட்டை என்று தினமும் கணக்கு எழுதுகிறவள் நான். என் கண்ணில் படாமல் இருக்குமா? பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். காலை பிரேயரில் அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். கொடுத்தவளுக்குக் கைதட்டல், சரி. வாங்கியவளுக்கு? ஏன் வாங்கினாள், தன் முட்டையை எங்கே ஒளித்தாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துபோயிருக்கும். உன் சார்ட்டிலும் ஒவ்வொரு ஸ்டாருக்கும் பின்னால் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் பெயரை நீ எழுதவில்லைதான். வகுப்புக்கு அது யாரென்று தெரியும்.

காலை உணவுத் திட்டம் 2022-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பிரேயரில் மயங்கி விழுந்தால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். கூட்டாளிகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்; யாராவது ஒருத்தி இரண்டு இட்லியை மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். இப்போது உப்புமாவோ கிச்சடியோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தட்டு வைக்கிறார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற கேள்வியே கிடையாது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

சூளைப் பெண்ணின் தம்பிக்கு 2 வயது தாண்டிவிட்டது. அங்கன்வாடி டீச்சரிடம் பேசி அவனைச் சேர்த்துவிட்டேன், சாப்பாடும் அங்கேயே. இப்போது அக்கா தன் முட்டையைத் தானே முழுசாகச் சாப்பிடுகிறாள். முறை வைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்!

உன் வகுப்பில் யாரும் விளையாட்டுக்குச் சேர்க்காத அந்தப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தாயே. "அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மற்றவர்களிடம் உத்தரவு போடாதே. உன் முகத்துக்காக ஒரு நாள் சேர்த்துக்கொண்டு மறுநாள் விட்டுவிடுவார்கள். சாக்பீஸ் எடுத்துவருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மணி அடிப்பது மாதிரி ஏதாவது வேலை கொடு. தனியாக வேண்டாம், இன்னொருவனோடு சேர்த்து. ரொம்ப நல்ல பிள்ளையாகப் பார்த்து ஜோடி போடாதே, கொஞ்சம் வாலாகவே பார். ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா